சுவிட்ச் இல்லாத பெட்டி: அணு உலை ஹைட்ரஜன் ரீகம்பைனர் மதிப்புரை

இந்தப் பொருளை நீங்களோ நானோ வாங்கப் போவதில்லை. அணுமின் நிலையம் நடத்துபவர்கள்தான் வாங்குவார்கள். அவர்களும் மாட்டிய நாளிலிருந்து இதற்கு வேலை வந்துவிடக் கூடாது என்ற கவலையிலேயே இருப்பார்கள். முழுப் பெயர் பாசிவ் ஆட்டோகேட்டலிட்டிக் ரீகம்பைனர்: விபத்தில் உலைக் கட்டடத்துக்குள் சேரும் ஹைட்ரஜனை மின்சாரம் இல்லாமலே நீராவியாக்கும் பெட்டி. இனிமேல் ரீகம்பைனர் என்றே சொல்கிறேன். மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடலாம்: ஐந்துக்கு மூன்றரை. பெட்டிக்கு மட்டும் என்றால் நாலரை கொடுத்திருப்பேன். விற்பனைப் பிரசுரங்களில் இதற்குப் பாடும் புகழுக்கும் இது உண்மையில் செய்யும் வேலைக்கும் நடுவில் இருக்கும் தூரத்துக்காக ஒன்றைக் கழித்துவிட்டேன்.

நான் கெமிக்கல் இன்ஜினியர். கார் புகைக்குழாயில் வைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பூச்சு பூசும் தொழிற்சாலையில் ஆரம்பித்து, ஐரோப்பாவில் ஓர் ஆய்வகத்தில் ரீகம்பைனர் தட்டுகளைச் சோதிக்கும் மேசையில் போய்ச் சேர்ந்தவள். பிளாட்டினம் தட்டில் எப்படி ஒட்டும், எப்படி உதிரும், எதனால் சோம்பிப்போகும் என்பதுதான் எனக்குத் தெரிந்த தொழில். உலை இயற்பியல் என் துறை இல்லை. அணுமின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்ற சண்டைக்கு இங்கே பதில் தேடாதீர்கள்.

முதலில், இது எதற்கு? உலையில் எரிபொருளை அடைத்து வைத்திருக்கும் குழாய்கள் ஸிர்க்கோனியம் கலவையால் ஆனவை. சாதாரண நாளில் தங்கமான உலோகம். குளிர்விக்கும் நீர் வற்றி, குழாய் 1200 டிகிரி செல்சியஸ் பக்கம் சூடேறிவிட்டால் அதே உலோகம் நீராவியிலிருந்து ஆக்ஸிஜனைப் பிடுங்கிக்கொண்டு ஹைட்ரஜனை வெளியே தள்ளும். ஒரு கிலோ ஸிர்க்கோனியத்துக்கு 44 கிராம் ஹைட்ரஜன். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் பெரிய உலையில் இந்த உலோகம் டன் கணக்கில் இருக்கிறது. 20 டன் முழுவதும் இந்த வினையில் போனால் ஏறத்தாழ 880 கிலோ ஹைட்ரஜன். காற்றில் 4 சதவீதம் கலந்தாலே அது பற்றிக்கொள்ளும். 8 சதவீதத்தைத் தாண்டினால் எல்லாத் திசையிலும் பரவி எரியும்.

நடக்காத கதை இல்லை இது. அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் 1979 மார்ச் 28 அன்று, விபத்து தொடங்கிச் சுமார் பத்து மணி நேரம் கழித்து, கட்டடத்துக்குள் சேர்ந்த ஹைட்ரஜன் எரிந்து அழுத்தப் பதிவில் செங்குத்தாக ஒரு கோடு எழுந்தது. கட்டடம் தாங்கிக்கொண்டது. ஃபுகுஷிமாவில் 2011 மார்ச் 12 பிற்பகல் 3:36க்கு முதல் உலையின் கட்டட மேல்பகுதி பறந்ததையும், இரண்டு நாள் கழித்து மூன்றாம் உலை வெடித்ததையும் எல்லாரும் தொலைக்காட்சியில் பார்த்தோம்.

இந்தப் பெட்டிக்கு முன்பும் ஹைட்ரஜனைச் சமாளிக்கக் கருவிகள் இருந்தன. ஒன்று, காற்றை உறிஞ்சி மின்ஹீட்டரில் சுட்டு ஹைட்ரஜனை எரிக்கும் பழைய வகை ரீகம்பைனர். இன்னொன்று இக்னைட்டர்: டீசல் இன்ஜினில் இருக்கும் குளோ பிளக்கை ஒத்த ஒரு பழுத்த கம்பி, ஹைட்ரஜன் குறைவாக இருக்கும்போதே வேண்டுமென்றே கொளுத்திவிடும். இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும். ஃபுகுஷிமாவில் முதலில் போனதே மின்சாரம்தான். நம் பெட்டியின் முதல் கவர்ச்சி அங்கே இருக்கிறது. வயர் இல்லை, மோட்டார் இல்லை, சென்சார் இல்லை, ஆன் செய்ய ஆள் வேண்டாம்.

பெட்டி பார்வைக்கு எப்படி? ஸ்டீல் பீரோவை நெஞ்சளவுக்கு வெட்டிச் சுவரில் தொங்கவிட்டது போல இருக்கும். பெரிய மாடல் ஒன்றரை மீட்டர் அகலம் வரும். அடிப்பக்கம் திறப்பு, மேல்பக்கம் திறப்பு. அடியில் ஓர் இழுப்பறை. அதற்குள் மெல்லிய ஸ்டெயின்லெஸ் தட்டுகள் வரிசையாகச் செங்குத்தாக நிற்கும். தட்டின் மேல் அலுமினாப் பூச்சு, அதற்குள் பொடிப்பொடியாகப் பிளாட்டினமோ பல்லேடியமோ இரண்டுமோ. இழுப்பறைக்கு மேலே வெறும் கூடு. பார்ப்பவர்கள் இதை வீண் இடம் என்று நினைப்பார்கள். அதுதான் புகைபோக்கி. தட்டில் ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சேர்ந்து நீராவியாகும். அந்தச் சூட்டில் காற்று லேசாகி மேலே ஏறும். அடியிலிருந்து புதுக் காற்று உள்ளே வரும். ஹைட்ரஜன் இருக்கும்வரை ஓட்டம் நிற்காது.

பிளாட்டினம் பட்டால் ஹைட்ரஜன் தானாகச் சூடேறும் என்பது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. ஜெர்மனியின் யேனாவில் டோபெரைனர் 1823லேயே பஞ்சு போன்ற பிளாட்டினத்தின் மேல் ஹைட்ரஜனை விட்டு நெருப்புண்டாக்கினார். அதை வைத்து விளக்குப் பற்றவைக்கும் கருவியே விற்றார்கள். பேட்டரி அறைகளில் பெரிய லெட் ஆசிட் பேட்டரிகளின் மூடியிலும் இந்த வேலைக்காகவே பல்லேடியம் வைத்த வகை உண்டு. அணு உலைக்காரர்கள் சேர்த்தது புகைபோக்கியும், அதற்கு மேல் மலை மலையாகச் சோதனை அறிக்கைகளும்தான். என்னைக் கேட்டால் இந்தப் பொருளின் விலையில் பெரும்பங்கு அந்த அறிக்கைகளுக்குத்தான் போக வேண்டும். தகரத்தை யாரும் மடிப்பார்கள்.

என் மேசைச் சோதனை எளிமையானது. செவ்வகக் குழாய் ஒன்று, ஒரு பக்கம் கண்ணாடி ஜன்னல். நடுவில் நிலையத்துத் தட்டின் துண்டுகள் நாலைந்து. அடியிலிருந்து அளந்த காற்றும் ஹைட்ரஜனும். தட்டின் கீழ்விளிம்பிலிருந்து மேல்வரை, வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிள்கள். வாயுவைத் திறந்ததும் கொஞ்ச நேரம் எதுவும் நடக்காது. திரையில் கோடு படுத்தே கிடக்கும். பிறகு கீழ்விளிம்பு தெர்மோகப்பிள் மட்டும் லேசாகத் தலை தூக்கும். அது எழுந்துவிட்டால் மற்றவை பின்னாலேயே வரும். நல்ல தட்டு என்றால் ஹைட்ரஜன் 1 அல்லது 2 சதவீதத்திலேயே, அறை வெப்பநிலையிலேயே, சில நிமிடத்தில் கிளம்பிவிடும். ஒருமுறை கிளம்பிவிட்டால் அரை சதவீதம் வரை இறங்கினாலும் விடாது. ஹைட்ரஜனை 4 சதவீதத்துக்கு மேல் ஏற்றி விளக்கை அணைத்தால் தட்டின் கீழோரம் மங்கிய சிவப்பில் தெரியும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களைக் கூப்பிட்டு இதைக் காட்டுவது எங்கள் ஆய்வகத்து வழக்கம்.

ஆனால் மேசையில் ஐந்து தட்டு ஓடுவதை வைத்துக் கட்டடம் முழுவதற்கும் சான்றிதழ் தர முடியாது. புகைபோக்கி இழுவை, சுற்றுச்சுவர், மேலே சூடு அடுக்கடுக்காகத் தங்குவது, இவையெல்லாம் பெரிய அளவில்தான் தெரியும். அந்த வகையில் இந்தப் பெட்டியைப் போலச் சோதிக்கப்பட்ட பொருள் அணுத்துறையிலேயே குறைவு. 1990களில் ஜெர்மனியின் எஷ்போர்னில் பாட்டெல் நிறுவனத்தின் மாதிரிக் கட்டடத்தில், பல அறைகளாகப் பிரித்த 600 கன மீட்டருக்கு மேற்பட்ட இடத்தில், பெட்டிகளை மாட்டி ஹைட்ரஜன் விட்டுப் பார்த்தார்கள். அமெரிக்காவில் சாண்டியா ஆய்வகம் ஸர்ட்ஸி என்ற கலனில் பார்த்தது. பிரான்ஸில் காதராஷில் இரண்டு தொகுதிகள்: ஒன்று கலி, இன்னொன்று எச்டூபார். இரண்டாவதில், உலை உருகினால் கிளம்பும் தூசிக்கு மாற்றாகக் கதிரியக்கமில்லாத பொருள்களைச் சுட்டு உருக்கி, அந்தப் புகையைத் தட்டுகளின் மேல் விட்டார்கள். ஜெர்மனியின் யூலிஷ் ஆய்வு மையத்தில் ரெகோ என்ற வரிசை. என் மேசை மாதிரி தட்டு அளவில் நுணுக்கமாகப் பார்ப்பது அவர்கள் பாணி.

எனக்குப் பிடித்தது எஷ்போர்னில் உள்ள தாய் என்ற கலன். ஜெர்மன் உச்சரிப்பு அது, அம்மாவோடு சம்பந்தமில்லை. 60 கன மீட்டர் ஸ்டெயின்லெஸ் பாத்திரம், 9.2 மீட்டர் உயரம், 3.2 மீட்டர் விட்டம். 2007 முதல் 2009 வரை வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடியின் அணுசக்தி முகமை வழியாகப் பல நாடுகள் காசு போட்டு, மூன்று தயாரிப்பாளர்களின் பெட்டிகளை ஒரே கலனில், ஒரே மாதிரி நிலைமைகளில் ஓடவிட்டன. பிரெஞ்சு அணு நிறுவனமான அரேவாவின் தட்டு வகை; கனநீர்த் தொழிலுக்காகத் தண்ணீர் ஒட்டாத கேட்டலிஸ்ட் (வினையூக்கி) செய்து பழகிய கனடாவின் ஏஇசிஎல் பெட்டி; என்ஐஎஸ் என்ற ஜெர்மன் நிறுவனத்தின், கம்பிவலைப் பைக்குள் பல்லேடியம் உருண்டைகள் நிரப்பிய வகை. மூன்றையும் ஒரே பந்தியில் உட்காரவைத்ததுதான் பெரிய விஷயம். அதற்கு முன் ஒவ்வொருவரும் தன் பெட்டிக்குத் தனக்கு வசதியான சோதனையை வைத்திருந்தார்கள். மேலும் இரண்டு கட்டங்களாக அந்தத் திட்டம் தொடர்ந்தது. இடையில் பக்கத்தில் இன்னொரு கலனையும் குழாயால் இணைத்துக்கொண்டார்கள்.

அந்தச் சோதனைகளில் பெட்டி நன்றாகத் தேறிய பாடங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நீராவி நிறைய இருந்தாலும் ஓடும். தட்டு நனைந்திருந்தால் கிளம்பத் தாமதமாகும், ஆனால் கிளம்பும். தன் சூட்டிலேயே காய்ந்துகொள்ளும். அழுத்தம் கூடினால் இன்னும் நன்றாக ஓடும். கேபிள் எரிந்த புகையில் மந்தமாகும், சாகாது. சில அறைகளில் பெட்டி ஓட ஆரம்பித்ததும் அதன் புகைபோக்கிக் காற்றே அறையைக் கலக்கிவிட்டு, மேலே தங்கிய ஹைட்ரஜனைக் கீழே கொண்டுவந்தது. விலைப்பட்டியலில் எழுதாத லாபம் அது.

இப்போது குறை. முதல் குறை வேகம். பெரிய மாடல் ஒன்று, ஹைட்ரஜன் 4 சதவீதம் இருக்கும்போது மணிக்கு ஐந்து கிலோ அளவுக்கு விழுங்கும். ஒரு கிலோ ஹைட்ரஜன் நீராவியாகும்போது 120 மெகாஜூல் வெப்பம் வரும் என்றால், ஐந்து கிலோவுக்கு 600 மெகாஜூல். கிட்டத்தட்ட 165 கிலோவாட் ஹீட்டர் ஒன்று விடாமல் ஓடுவதற்குச் சமம். கேட்டலிஸ்ட் தொழிலில் இருப்பவளுக்கு அது மரியாதையான எண். ஆனால் எதிரில் நிற்பது யார் என்று பாருங்கள். காய்ந்த உலையில் திடீரென்று தண்ணீரை ஏற்றும் கட்டத்தில், ஹைட்ரஜன் நொடிக்கு 100 கிராமுக்கு மேல் வரலாம். மணிக்கணக்கில் போட்டால் 360 கிலோ. ஐந்து கிலோக்காரர்களை எத்தனை பேர் நிறுத்துவீர்கள்? பிரெஞ்சு-ஜெர்மன் கூட்டு வடிவமைப்பான ஈபிஆர் உலையில் 47 பெட்டிகள் வைக்கிறார்கள். அதில் 41 பெரியவை. அத்தனையும் ஒரே நேரத்தில், எல்லா இடத்திலும் 4 சதவீதம் இருக்கும்போது ஓடினால்கூட மணிக்கு 200 கிலோ சொச்சம்தான். ஆக, வெள்ளம் வரும் சில நிமிடங்களில் இந்தப் பெட்டி தோற்றுத்தான் போகும். வெள்ளத்துக்குப் பிறகு வரும் பல மணி நேரம், பல நாள் இதன் ஆட்டம். தண்ணீரே கதிர்வீச்சில் பிளந்து மெதுவாக ஹைட்ரஜன் சேரும் நீண்ட காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான கருவி எனக்குத் தெரியாது.

பிரசுரத்தில் "வெடிப்பைத் தடுக்கும்" என்று போடுகிறார்கள் அல்லவா, என் ஒரு மதிப்பெண் அங்கேதான் போனது. ஹைட்ரஜன் சேரும் வேகத்தையும் உச்சத்தையும் குறைக்கும் என்று எழுதினால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

இரண்டாவது குறை இன்னும் சங்கடமானது. பெட்டியே தீக்குச்சி ஆகலாம். தட்டின் கீழ்விளிம்பை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். ஹைட்ரஜன் மிக லேசான மூலக்கூறு. சூடு விலகிப் போகும் வேகத்தைவிட வேகமாக அது தட்டை நோக்கி ஊடுருவி வரும். அதனால் முன்விளிம்பு, கணக்குப்படி அந்தக் கலவை எரிந்தால் வர வேண்டிய வெப்பநிலையையும் தாண்டிப் போய்விடும். கணக்கு சொல்வது ஒரு சதவீதம் ஹைட்ரஜனுக்குச் சுமார் 80 டிகிரி. விளிம்பு அதோடு நிற்காது. பெரிய கலன் சோதனைகளில் பெட்டி வாசலில் ஹைட்ரஜன் சுமார் 6 சதவீதத்துக்கு மேல் போனபோது, உலர்ந்த காற்றில், பெட்டிக்குள்ளிருந்தே தீ கிளம்பிக் கலன் முழுவதும் பரவியதைப் பதிவுசெய்திருக்கிறார்கள். நீராவி கூடக்கூட அந்த எல்லை மேலே நகரும்.

இதை விற்பவர்களிடம் கேட்டால் ஒரு பதில் தயாராக இருக்கும்: குறைந்த செறிவிலேயே பற்றிக்கொண்டால் மெதுவாக எரிந்து முடியும், அது நல்லதுதானே என்று. பாதி சரி. இக்னைட்டரின் தத்துவமும் அதுதான். ஆனால் இக்னைட்டரை எங்கே, எப்போது கொளுத்த வேண்டும் என்று யோசித்து வைக்கிறார்கள். இந்தப் பெட்டி தன் இஷ்டத்துக்குக் கொளுத்தும். முன்விளிம்பில் பூச்சைக் குறைப்பது, இடைவெளியை மாற்றுவது என்று யோசனைகள் பல ஆண்டுகளாக ஓடுகின்றன. நானும் சில மாதிரித் துண்டுகளைப் பூசிப் பார்த்தவள்தான். விளிம்பு குளிர்ந்தால் கிளம்பும் நேரம் நீளுகிறது. ஒரு பக்கம் இழுத்தால் இன்னொரு பக்கம் போர்வை விலகுகிறது.

ஆக்ஸிஜனையும் மறக்கக் கூடாது. ஒரு கிலோ ஹைட்ரஜனை நீராக்க எட்டு கிலோ ஆக்ஸிஜன் வேண்டும். மூடிய கட்டடத்தில் அது தீர்ந்துகொண்டே வரும். தயாரிப்பாளர் தரும் புகழ்பெற்ற சூத்திரம் ஒன்றில், ஆக்ஸிஜன் ஹைட்ரஜனைவிடக் குறைந்தால் வேகத்தை அறுபது சதவீதமாக வெட்டிக்கொள்ளச் சொல்லியிருப்பார்கள். நேர்மையான சூத்திரம், பாராட்டுகிறேன். உருகிய உலை அடித்தளக் கான்கிரீட்டைத் தின்னத் தொடங்கினால் கார்பன் மோனாக்ஸைடும் வரும்; ஆக்ஸிஜன் தாராளமாக இருந்தால் பெட்டி அதையும் எரித்துவிடும், இல்லாவிட்டால் அந்த வாயு பிளாட்டினத்தின் மேல் ஒட்டிக்கொண்டு கதவை அடைத்துவிடும். கார் கன்வெர்ட்டர் காலத்திலேயே எனக்கு அறிமுகமான வில்லன்.

அயோடின் கதை ஒரு வரி தாங்கும். விபத்தில் கதிரியக்கமுள்ள சீசியம் அயோடைடு போன்றவை தூசியாக மிதக்கும். தூசி என்றால் படியும், வடிகட்டலாம். சூடான தட்டுகளின் ஊடாகப் போகும்போது அதில் ஒரு சிறு பங்கு உடைந்து வாயு அயோடினாக மாறுகிறது என்று பிரான்ஸிலும் தாய் கலனிலும் பார்த்திருக்கிறார்கள். வாயுவைப் பிடிப்பது கஷ்டம். பெட்டியை வேண்டாமென்று சொல்லும் அளவுக்குப் பெரிய பங்கு இல்லை. வடிகட்டி வாங்கும் துறைக்குத் தகவல் போயிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் அதிக நேரம் செலவழித்தது இவை எதிலும் இல்லை. சும்மா தொங்குவதில். விபத்து வராத முப்பது நாற்பது வருடம் இந்தத் தட்டு கட்டடத்துக் காற்றைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. பெயின்ட், எண்ணெய், வெல்டிங் புகை, கேபிள் உறை, தரை துடைக்கும் திரவம், எல்லாவற்றிலிருந்தும் வரும் ஆவி அலுமினாவின் நுண்துளைகளில் போய்ப் படியும். பூச்சு உதிரவில்லை, நிறம் மாறவில்லை, கண்ணுக்குப் புதிதாகவே இருக்கும். மேசையில் வைத்து ஹைட்ரஜன் விட்டால் கோடு படுத்தே கிடக்கும்.

ஒரு நிலையத்திலிருந்து (பெயர் வேண்டாம்) ஒருமுறை வந்த தட்டுகளைத் திறந்தபோதே பெயின்ட் வாசனை. பராமரிப்பு நிறுத்தத்தில் பெட்டிகளை மூடாமலே பக்கத்துச் சுவருக்கு எபாக்ஸி அடித்திருக்கிறார்கள். தட்டுகள் கிளம்ப எடுத்துக்கொண்ட நேரத்தைப் பார்த்து என் மேலதிகாரி வாயு சிலிண்டர் காலியோ என்று வால்வைத் தட்டிப் பார்த்தார். அடுப்பில் வைத்துச் சுட்டு எடுத்ததும் அவை பழையபடி சில நிமிடத்தில் கிளம்பின. சுட்டால் தெளிந்துவிடும் நோய் இது, நல்லவேளை. ஆனால் கேள்வி மிச்சம் இருக்கிறது: சுடாமல் அப்படியே தொங்கிக்கொண்டிருந்த நாள்களில் விபத்து வந்திருந்தால்? கிளம்பியிருக்கும், தாமதமாக, இன்னும் அதிக ஹைட்ரஜன் சேர்ந்த பிறகு. அப்படிச் சேர்ந்த பிறகு கிளம்புவதில் என்ன சிக்கல் என்று மேலே தீக்குச்சிப் பத்தியில் சொல்லிவிட்டேன்.

இதனால்தான் "பராமரிப்பே தேவையில்லை" என்ற வாசகத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அசையும் பாகம் இல்லை என்பது உண்மை. பராமரிப்பு இல்லை என்பது பொய். ஒவ்வொரு எரிபொருள் மாற்றும் நிறுத்தத்திலும் சில இழுப்பறைகளிலிருந்து சில தட்டுகளை உருவி, ஒரு சின்னச் சோதனைப் பெட்டியில் சொருகி, ஹைட்ரஜன் கலந்த காற்றை விட்டு, வெப்பநிலை எவ்வளவு நேரத்தில் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். தேறாவிட்டால் சுட வேண்டும், மேலும் தட்டுகளை உருவ வேண்டும். எளிய வேலை, சலிப்பான வேலை. சலிப்பான வேலையைத்தான் முதலில் கைவிடுவார்கள்.

சரி, யார் வாங்கியிருக்கிறார்கள்? பிரான்ஸ் 2007 முடிவதற்குள் தன் எல்லா அழுத்தநீர் உலைகளிலும் மாட்டி முடித்தது. அமெரிக்கா வேறு வழி போனது. அங்குள்ள ஒழுங்குமுறை ஆணையம் 2003இல் விதியைத் திருத்தி, வடிவமைப்பில் கணக்கிட்ட சாதாரண விபத்துகளுக்கு ரீகம்பைனர் கட்டாயமில்லை என்றது. பெரிய உலைக் கட்டடங்கள் தாங்கிக்கொள்ளும், சின்னக் கட்டடங்களுக்கு இக்னைட்டர் இருக்கிறது என்பது அவர்கள் வாதம். அவர்களுடைய ஏபி1000 உலையில் ரீகம்பைனர் இரண்டே இரண்டு. இக்னைட்டர் அறுபதுக்கு மேல். இரண்டு நாட்டு இன்ஜினியர்களும் ஒரே சோதனை அறிக்கைகளைப் படித்தவர்கள்தான். ஒருவர் மின்சாரம் போய்விடும் என்ற பயத்தில் தொடங்குகிறார், இன்னொருவர் வேகம் போதாது என்ற கணக்கில் தொடங்குகிறார். நான் வாங்குவதாக இருந்தால் இரண்டையும் வாங்குவேன்.

ராதாபுரத்தில் இருக்கும் சித்தி மகன் போன மாதம் போனில், "அக்கா, கூடங்குளத்துல அந்தப் பெட்டி இருக்காமே, அப்ப ஃபுகுஷிமா மாதிரி ஆகாதுல்ல?" என்று கேட்டான். இருக்கிறது. கூடங்குளத்து ரஷ்ய உலைகளின் வடிவமைப்பிலேயே ரீகம்பைனர்கள் உண்டு. இந்தியக் கனநீர் உலைகளுக்கும் ஃபுகுஷிமாவுக்குப் பிறகு உள்நாட்டிலேயே உருவாக்கினார்கள். பாபா அணு ஆராய்ச்சி மையம் கேட்டலிஸ்ட் பக்கம் வேலை செய்ய, தாராப்பூரில் அணுமின் கழகம் இதற்கென்றே ஒரு சோதனைக்கூடம் கட்டியது. நம் ஊர் ஈரத்துக்கும் உப்புக்காற்றுக்கும் நம் ஊரிலேயே சோதிப்பது நல்லது என்பது என் கட்சி.

ஆனால் அவன் கேட்ட கேள்விக்கு அதோடு பதில் முடியவில்லை. ஃபுகுஷிமாவில் உலையைச் சுற்றிய கன்டெய்ன்மென்ட்டுக்குள் நைட்ரஜன் நிரப்பியிருந்தார்கள். உள்ளே எரிய ஆக்ஸிஜன் இல்லை. ஹைட்ரஜன் அங்கிருந்து கசிந்து வெளிக் கட்டடத்தின் மேல்தளத்தில் சேர்ந்து, அங்கே வெடித்தது. நாலாம் உலையிலோ எரிபொருளே இல்லை. மூன்றாம் உலையிலிருந்து ஹைட்ரஜன், குழாய் வழியாக வந்து, அங்கே வெடித்தது. வாயு போகும் இடத்தில் பெட்டி இருக்க வேண்டும். எத்தனை பெட்டி என்று கேட்பதைவிட எந்தெந்த அறையில், எந்த உயரத்தில், மேலே காற்றுப் போக வழி விட்டு மாட்டியிருக்கிறார்களா என்று கேள் என்றேன். "அதெல்லாம் நான் யார்ட்டக்கா கேட்க?" என்றான். நியாயமான கேள்வி. இந்தப் பொருளுக்கு வாடிக்கையாளர் சேவை எண் எதுவும் கிடையாது.

வாங்கும் இடத்தில் இருப்பவர் யாராவது இதைப் படித்தால் மூன்று விஷயம் கேளுங்கள். தாய் கலன் போலப் பெரிய, சுயேச்சையான இடத்தில் ஓடிய அறிக்கையை முழுதாகக் கேளுங்கள். சுருக்கம் போதாது, தோற்ற சோதனைகள் சுருக்கத்தில் வராது. புதுத் தட்டுக்கு மட்டுமல்லாமல், பல வருடம் நிலையத்தில் தொங்கிய தட்டுக்குக் கிளம்பும் நேரம் என்ன என்று கேளுங்கள். பெயின்ட் அடிக்கும்போது பெட்டியை மூடும் உறை, மூடிய உறையைக் கழற்றியதற்குக் கையெழுத்துப் போடும் தாள், இரண்டும் தொகுப்பில் வருமா என்றும் கேளுங்கள். உறையோடு தொங்கும் ரீகம்பைனர் வெறும் பீரோதான்.

கூடுதல் காசு கொடுத்து வாங்கத் தகுந்த இணைப்பு ஒன்றே ஒன்று. ஜப்பானில் ஃபுகுஷிமாவுக்குப் பிறகு பல நிலையங்களில் பெட்டியின் மேல் தெர்மோகப்பிள் வைத்துக் கட்டுப்பாட்டு அறைக்கு வயர் இழுத்திருக்கிறார்கள். வயர் இல்லாத கருவிக்கு எதற்கு வயர் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். வயர் அறுந்தாலும் பெட்டி ஓடும், அதனால் நஷ்டம் இல்லை. வயர் இருக்கும்வரை பெட்டி சூடாகிறதா இல்லையா என்பது தெரியும்; அந்த அறையில் ஹைட்ரஜன் வந்துவிட்டது என்பதையும் அதே எண் சொல்லிவிடும். இரண்டு தெர்மோகப்பிள், கீழே ஒன்று, மேலே ஒன்று. கே வகை போதும். உறை மட்டும் நல்ல தரமாக வாங்குங்கள், மலிவானது நீராவியில் முதலில் போய்விடும்.